ஒரு எண் பகா எண்ணா என்று பார்க்க எந்த வழி? 6557, 6559, 6563 வைத்து ஓர் ஒப்பீடு

6557, 6559, 6563. கிட்டக் கிட்ட இருக்கும் மூன்று ஒற்றைப்படை எண்கள். பார்த்தால் மூன்றுமே பகா எண் (1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்) போலத்தான் தெரியும். தாளும் பேனாவும் மட்டும்தான் கையில் இருக்கின்றன. எது பகா எண், எது பகு எண் என்று சொல்ல வேண்டும். எந்த வழியில் இறங்குவது?

இந்த மூன்றையும் வேண்டுமென்றேதான் எடுத்தேன். ஒன்றை நாலே வகுத்தலில் முடித்துவிடலாம். இன்னொன்று வகுத்தலுக்கு 21 முறை தண்ணி காட்டும். ஆனால் வேறொரு வழியில் ஒரே வரியில் விழுந்துவிடும். மூன்றாவதிடம் அந்த ஒரு வரி வழியை மட்டும் நம்பிப் போனால் மூவாயிரம் முறைக்கு மேல் முயல வேண்டியிருக்கும். அதனால் "எல்லா எண்ணுக்கும் இதைச் செய்" என்று ஒரே முறையைச் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

முறையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், நமக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். "இந்த எண் பகா எண்ணா?" என்பது ஒரு கேள்வி. "இதன் காரணிகள் எவை?" என்பது வேறு கேள்வி. "இந்த எண்ணிலிருந்து அந்த எண் வரை உள்ள பகா எண்கள் எல்லாம் வேண்டும்" என்பது மூன்றாவது. "இந்த இரண்டு எண்களுக்கும் பொதுக் காரணி உண்டா?" என்பது நான்காவது. நான்கும் ஒரே வயிற்றில் பிறந்தவை போல இருக்கும். ஆனால் ஒன்றுக்குச் சரியான முறை இன்னொன்றுக்கு வீண் உழைப்பு.

வகுத்துப் பார்ப்பது

எல்லோருக்கும் தெரிந்த வழி இதுதான். 2, 3, 5, 7 என்று பகா எண்களால் வரிசையாக வகுத்துக்கொண்டே போவது. மீதி வராமல் வகுபட்டால் பகு எண். எதுவுமே வகுக்காவிட்டால் பகா எண். எங்கே நிறுத்துவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பாதி எண் வரை போக வேண்டியதில்லை, வர்க்கமூலம் வரை போனால் போதும். ஒரு எண் இரண்டு காரணிகளின் பெருக்கல் என்றால், இரண்டும் ஒரே நேரத்தில் வர்க்கமூலத்தைவிடப் பெரிதாக இருக்க முடியாது; அப்படி இருந்தால் பெருக்கற்பலன் அந்த எண்ணைத் தாண்டிவிடும். 81 × 81 = 6561. ஆகவே நம் மூன்று எண்களுக்கும் 81-க்குள் உள்ள பகா எண்கள் போதும். அவை மொத்தம் 22. கடைசி எண் 79.

22 வகுத்தலையும் நீட்டி எழுத வேண்டியதில்லை. 2, 5 இரண்டுக்கும் கடைசி இலக்கம் போதும், 3-க்கு இலக்கங்களின் கூட்டுத்தொகை. அப்புறம் 7, 11, 13 மூன்றையும் சேர்த்து ஒரே கழித்தலில் பார்க்கலாம். 7 × 11 × 13 = 1001 என்பதால், கடைசி மூன்று இலக்கங்களிலிருந்து முன்னால் உள்ள பகுதியைக் கழித்து, கிடைப்பது இந்த மூன்றில் எதனாலாவது வகுபடுகிறதா என்று பார்த்தால் போதும். 6559-க்கு 559 − 6 = 553. 553 = 7 × 79. முடிந்தது: 6559 ஏழால் வகுபடும், 7 × 937. நாலாவது பகா எண்ணிலேயே ஆள் பிடிபட்டுவிட்டார்.

6557-க்கு 557 − 6 = 551. ஏழால் வகுத்தால் மீதி 5, பதினொன்றால் 1, பதின்மூன்றால் 5. தப்பித்துவிட்டது. இனி 17, 19, 23 என்று ஒவ்வொன்றாகப் போக வேண்டும். போனால் 73 வரை எதுவும் வகுக்காது. கடைசியாக, 22ஆவது முயற்சியில், 79 × 83 = 6557. பாதியில் சலித்து "இது பகா எண்தான்" என்று எழுதியிருந்தால் தப்பாகியிருக்கும்.

6563 இன்னும் சோதிக்கும். 17 × 386 = 6562; ஒன்றில் தவறுகிறது. 41 × 160 = 6560; மூன்றில் தவறுகிறது. இப்படி 22-ம் தவறிய பிறகுதான் அது பகா எண் என்று சொல்ல முடியும். வகுத்தல் முறையின் குணமே இதுதான்: பகு எண்ணிடம் சீக்கிரம் முடிய வாய்ப்பு உண்டு, பகா எண்ணிடம் முழு விலையும் கொடுத்தாக வேண்டும். ஆனால் அது பொய் சொல்லாது. பகு எண் என்றால் காரணியையும் சேர்த்தே கையில் கொடுத்துவிடும். நாலு இலக்க எண் வரை கையால் செய்வதற்கு இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை.

வர்க்கங்களின் வித்தியாசம்

இப்போது 6557-ஐ வேறு கண்ணோடு பாருங்கள். அதற்கு அடுத்து வரும் முழு வர்க்கம் 6561. கழித்தால் 4. நாலும் ஒரு வர்க்கம்தான். ஆக 6557 = 81² − 2² = (81 − 2)(81 + 2) = 79 × 83. அவ்வளவுதான், ஒரே வரி! 22 வகுத்தலுக்குப் பிறகு கிடைத்த அதே விடை.

இது ஃபெர்மா என்ற பிரெஞ்சுக்காரர் 1640-களில் காட்டிய வழி. 2027651281 என்ற பத்து இலக்க எண்ணை அவர் இப்படித்தான் உடைத்தார். அதன் வர்க்கமூலத்துக்கு மேலே உள்ள முதல் முழு எண் 45030. அங்கிருந்து ஒவ்வொன்றாக ஏறிப் பன்னிரண்டாவது முயற்சியில், 45041-ல், கழித்தால் 1020-இன் வர்க்கம் வந்தது. விடை 44021 × 46061. வகுத்தல் வழியில் போயிருந்தால் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்களைத் தாண்டித்தான் 44021-ஐத் தொட்டிருப்பார்.

இந்த முறையைக் கற்ற புதிதில் எந்த எண்ணைக் கண்டாலும் வர்க்கம் போட்டுப் பார்க்கும் ஆசை எனக்கு வந்தது. 6559 போன்ற எண்கள்தான் அதை அடக்கின. 81² கழித்தால் 2, வர்க்கம் இல்லை. 82² கழித்தால் 165, இல்லை. 83² கழித்தால் 330, அதுவும் இல்லை. இப்படி எதுவரை? காரணிகள் 7, 937. இரண்டின் சராசரி 472. அதாவது 81-ல் தொடங்கி 472 வரை, 392 முயற்சிகள்! வகுத்தலோ நாலாவது படியில் முடித்துவிட்டது. 6563-க்கு இந்த வழியில் "பகா எண்" என்ற முடிவுக்கு வர வேண்டுமானால் 82-ல் தொடங்கி 3282 வரை ஏற வேண்டும்.

காரணிகள் இரண்டும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருந்தால் ஃபெர்மாவின் வழி பறக்கும். விலகி இருந்தால் நகராது. வகுத்தல் நேர் எதிர்: சின்னக் காரணி இருந்தால் வேகம், நெருங்கிய பெரிய காரணிகள் இருந்தால் இழுவை. ஒன்று தடுமாறும் இடத்தில்தான் மற்றது பலமாக இருக்கிறது. அதனால் கையால் செய்யும்போது நான் இரண்டையும் கலந்தே செய்வேன். முதலில் 2, 3, 5, 7, 11, 13. அவை தோற்றால், வர்க்கமூலத்துக்கு மேலே நாலைந்து வர்க்கங்கள். அதுவும் தோற்றால் திரும்ப வகுத்தலுக்கு வந்து 17-ல் தொடங்குவேன். வர்க்கம் பார்க்கும்போது ஒரு சின்ன உதவி: எந்த முழு வர்க்கமும் 2, 3, 7, 8 என்ற இலக்கங்களில் முடியாது. கழித்து வந்த எண் இவற்றில் முடிந்தால் யோசிக்காமல் அடுத்ததற்குப் போய்விடலாம்.

சல்லடை: காரணியை விட்டு மடங்கைப் பிடிப்பது

மேலே சொன்ன இரண்டும் ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு அதன் காரணியைத் தேடுபவை. எரடோஸ்தனிஸ் சல்லடை அதைத் தலைகீழாகத் திருப்புகிறது. அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்தவர் எரடோஸ்தனிஸ். காலம் கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டு. எண்களை 2-லிருந்து வரிசையாக எழுதிக்கொள். 2-ஐ விட்டுவிட்டு அதன் மற்ற மடங்குகளை அடித்துவிடு, 3-க்கும் அப்படியே, 5, 7 என்று தொடர். 100 வரை வேண்டுமென்றால் இந்த நாலே எண்களின் மடங்குகளை அடித்தால் போதும். 25 பகா எண்கள் மிஞ்சும். எங்கேயும் வகுத்தல் இல்லை என்பதைக் கவனியுங்கள். தாவித் தாவி எண்ணத் தெரிந்த குழந்தைகூடச் செய்துவிடும்.

10,000 வரை உள்ள பகா எண்கள் எல்லாம் வேண்டும் என்றால் போட்டிக்கே இடமில்லை, சல்லடைதான். 100-க்குள் உள்ள 25 பகா எண்களின் மடங்குகளை அடித்தால் 1229 பகா எண்கள் கிடைக்கும். ஒவ்வொரு எண்ணாக எடுத்து வகுத்துக்கொண்டிருந்தால் நாள் கணக்கில் உட்கார வேண்டியிருக்கும்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று: சல்லடையை 2-லிருந்துதான் தொடங்க வேண்டும் என்று இல்லை. 6501 முதல் 6600 வரை மட்டும் போதும் என்றால், அந்த நூறு எண்களை மட்டும் எழுதி, அதே 22 பகா எண்களின் மடங்குகளை அங்கே மட்டும் அடிக்கலாம். (81-க்கு மேலே அடுத்த பகா எண் 83; 83² = 6889, எனவே அது தேவைப்படாது.) 79-இன் மடங்குகள் 6478, 6557, 6636 என்று போகின்றன, நம் நூற்றுக்குள் விழுவது 6557 ஒன்றுதான். 22 பேரும் வந்து போன பிறகும் 6563-ஐ யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

ஒரே ஒரு எண்ணைச் சோதிக்க மட்டும் சல்லடை போடாதீர்கள். நிரல் எழுதப் பழகுகிறவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது. 20 இலக்க எண்ணுக்கு வர்க்கமூலமே ஆயிரம் கோடி அளவுக்குப் போகும்; அதற்குள் உள்ள பகா எண்கள் மட்டும் 45,50,52,511. ஒரு கேள்விக்கு விடை சொல்ல இவ்வளவு பெரிய பட்டியல் எதற்கு?

பொதுக் காரணிக்கு யூக்ளிட் மட்டும் போதும்

நான்கு கேள்விகளில் எனக்குத் துளிகூடத் தயக்கம் இல்லாத ஒன்று இதுதான். இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி வேண்டும் என்றால், இரண்டையும் பகாக் காரணிப்படுத்தி, பொதுவானவற்றைப் பொறுக்கி எடுக்கப் பழகியிருக்கிறோம். 24, 36 என்றால் சரி. 6557, 7387 என்று கொடுத்தால்? இரண்டையும் உடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் காட்டிய வழியில் உடைக்கவே வேண்டாம். பெரியதைச் சிறியதால் வகுத்து மீதியை எடு. பிறகு சிறியதை அந்த மீதியால் வகு. மீதி இல்லாமல் போகும் வரை தொடர். 7387-ஐ 6557-ஆல் வகுத்தால் மீதி 830. 6557-ஐ 830-ஆல் வகுத்தால் மீதி 747. 830-ஐ 747-ஆல் வகுத்தால் மீதி 83. 747-ஐ 83-ஆல் வகுத்தால் மீதி இல்லை, ஈவு 9. ஆக மீப்பெரு பொதுக் காரணி 83. நாலு வரி.

இப்போது திரும்பிப் பாருங்கள், இரண்டு எண்களுமே உடைந்துவிட்டன: 6557 = 79 × 83, 7387 = 83 × 89. மீச்சிறு பொது மடங்கும் கூடவே வந்துவிடுகிறது: 6557 × 89 = 5,83,573. தனித்தனியாக உடைக்கக் கஷ்டமான எண்கள், ஒரு காரணியைப் பகிர்ந்துகொண்டால் சேர்ந்து உடைந்துவிடுகின்றன. இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. இணையப் பாதுகாப்புக்குப் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. சாவிகள் இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கல். 2012-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இணையத்தில் வெளிப்படையாக இருந்த லட்சக்கணக்கான சாவிகளைத் திரட்டி, அவற்றுக்கிடையே பொதுக் காரணி பார்த்தன. பகா எண்ணைத் தேர்ந்தெடுத்ததில் போதிய தற்செயல் இல்லாத கருவிகளின் சாவிகள் ஆயிரக்கணக்கில் உடைந்தன. தனியாக எடுத்தால் எந்தக் கணினியாலும் உடைக்க முடியாத எண்கள், 2,300 ஆண்டுக்கு முந்தைய வகுத்தல்–மீதி முறைக்குப் பணிந்தன.

ஒரு எண்ணுக்கு எத்தனை காரணிகள் என்ற கேள்விக்கு மட்டும் பகாக் காரணிப்படுத்தலே மேல். 360 = 2³ × 3² × 5. அடுக்குகளோடு ஒவ்வொன்று கூட்டிப் பெருக்கினால் 4 × 3 × 2 = 24. பட்டியல் போட்டு எண்ணினால் ஒன்றிரண்டு விட்டுப்போகும்.

எண் பெரிதாகும்போது

40 இலக்க எண் ஒன்று பகா எண்ணா என்று கேட்டால்? நொடிக்கு நூறு கோடி வகுத்தல் செய்யும் கணினியும், வர்க்கமூலம் வரை ஒவ்வொரு எண்ணாகப் போனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். இங்கே கேள்வியைப் பிரித்தே ஆக வேண்டும். காரணி என்ன என்று கேட்காமல், பகா எண்ணா என்று மட்டும் கேட்க வேண்டும்.

அதற்கும் ஃபெர்மாவிடம்தான் போகிறோம். 2-ஐத் தவிர்த்த எந்தப் பகா எண்ணை எடுத்தாலும், அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி அதே எண்ணால் வகுத்தால் மீதி 1. ஏழுக்குப் பாருங்கள்: 2⁶ = 64, மீதி 1. ஒன்பதுக்கு: 2⁸ = 256, மீதி 4. எனவே 9 பகா எண் இல்லை. 3 என்ற காரணியை நாம் தேடவே இல்லை என்பதுதான் இதன் அழகு. அடுக்கு எவ்வளவு பெரிதானாலும் பயமில்லை. வர்க்கத்தின் வர்க்கம் என்று ஏறி, ஒவ்வொரு படியிலும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டால், 100 இலக்க எண்ணுக்கும் 330 சொச்சம் வர்க்கங்களில் வேலை முடிந்துவிடும்.

ஆனால் இந்தச் சோதனை ஏமாறும். 341-ஐ எடுங்கள். 2¹⁰ = 1024 = 3 × 341 + 1. எனவே 2³⁴⁰-க்கும் மீதி 1. சோதனை "பகா எண் போல இருக்கிறது" என்கிறது. ஆனால் 341 = 11 × 31. இப்படி 2-ஐ வைத்து ஏமாற்றும் எண்கள் 10,000-க்குள் 22 இருக்கின்றன. 2-க்குப் பதிலாக 3, 5 என்று மாற்றினால் பல பிடிபடும். 561, 1105, 1729 போன்றவையோ, தமக்குப் பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் தப்பிவிடும். கார்மைக்கேல் எண்கள் என்று இவற்றுக்குப் பெயர். இவை முடிவின்றி இருக்கின்றன என்று 1994-ல் நிறுவப்பட்டது. ஆகவே ஃபெர்மா சோதனையை மட்டும் நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மில்லர், ராபின் என்ற இருவரின் பெயரில் வழங்கும் மில்லர்–ராபின் சோதனை இதே கணக்கை ஒரு படி முன்னாலேயே நிறுத்திப் பார்க்கிறது. 340 = 4 × 85. முதலில் 2⁸⁵-இன் மீதியைப் பாருங்கள்: 32. அதை வர்க்கப்படுத்தினால் 1024, மீதி 1. இங்கேதான் 341 மாட்டுகிறது. ஒற்றைப்படைப் பகா எண்ணால் வகுக்கும்போது, வர்க்கப்படுத்தினால் மீதி 1 தரும் மீதிகள் இரண்டே இரண்டுதான்: 1, அல்லது அந்த எண்ணைவிட ஒன்று குறைந்தது. 341-க்கு அவை 1, 340. 32 இரண்டும் இல்லை. எனவே 341 பகு எண், சந்தேகமே வேண்டாம். (32 − 1 = 31 என்பது 341-இன் காரணியாகவும் அமைகிறது. ஆனால் இந்தச் சோதனை எப்போதும் காரணியைத் தராது.)

மில்லர்–ராபினும் ஒரு அடியெண்ணில் (அடுக்குக்கு உயர்த்த நாம் எடுக்கும் 2 போன்ற எண்) ஏமாறலாம்; 2047 = 23 × 89 என்பது 2-ஐ ஏமாற்றிவிடும். ஆனால் எந்த ஒற்றைப்படைப் பகு எண்ணும் நாலில் ஒரு பங்கு அடியெண்களுக்கு மேல் ஏமாற்ற முடியாது. தற்செயலாக 20 அடியெண்களை எடுத்துச் சோதித்தால், பகு எண் ஒன்று தப்பும் வாய்ப்பு லட்சம் கோடியில் ஒன்றைவிடக் குறைவு. 2⁶⁴-க்குள் உள்ள எண்களுக்கு அந்தச் சந்தேகமும் வேண்டாம்: 2 முதல் 37 வரையுள்ள 12 பகா எண்களை அடியெண்களாக வைத்தால் விடை உறுதி. நிரல் எழுதுகிறவர் என்னிடம் கேட்டால், 12 இலக்கம் வரை வகுத்தல், அதற்கு மேல் இது என்று சொல்வேன்.

2002-ல் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் கண்டுபிடித்த ஏ.கே.எஸ். முறை, வாய்ப்புக் கணக்கு எதுவும் இல்லாமல், பல்லுறுப்புக்கோவை அளவு நேரத்துக்குள் (அதாவது இலக்கங்கள் கூடினாலும் நேரம் கட்டுக்கடங்காமல் பெருகாமல்) உறுதியான விடை தருகிறது. அப்படி ஒரு முறை இருக்க முடியுமா என்ற பழைய கேள்வியை மூடிய வேலை அது. படிக்கும்போது இன்றும் மெய்சிலிர்க்கும். ஆனால் நடைமுறையில் மில்லர்–ராபினைவிட மிக மெதுவானது. கற்றுக்கொள்ளுங்கள், அன்றாடக் கணக்குக்கு எடுக்காதீர்கள்.

எண்ணின் வடிவம் தரும் சலுகை

பகு எண் என்று தெரிந்தும் காரணி தெரியாமல் இருப்பது விசித்திரமாகத் தோன்றலாம். 2⁶⁷ − 1 அப்படித்தான் இருந்தது. 1644-ல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி அதைப் பகா எண்கள் பட்டியலில் சேர்த்தார். 1876-ல் லூக்காஸ் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் அது பகா எண் இல்லை என்று காட்டினார், ஆனால் எதனால் வகுபடும் என்று அவருக்கும் தெரியாது. 1903-ல்தான் ஃபிராங்க் கோல் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் சொன்னார்: 193707721 × 761838257287. இந்த இடைவெளி இன்றும் அப்படியே இருக்கிறது. 250 இலக்க எண் பகா எண்ணா என்று கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லிவிடும், ஆர்.எஸ்.ஏ.-250 என்ற 250 இலக்க எண்ணை 2020-ல் உடைத்தபோது, ஒற்றைக் கணினி உள்ளகத்தின் (core) கணக்கில் சுமார் 2700 ஆண்டு உழைப்பு தேவைப்பட்டது.

ஆனால் எண்ணுக்குத் தனி வடிவம் இருந்தால் சாதாரண வகுத்தலே திரும்ப உயிர் பெறும். 2³² + 1 = 4294967297 பகா எண் என்று ஃபெர்மா நம்பினார். வர்க்கமூலம் 65,536, அதற்குள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்கள். இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கோடு 1 கூட்டிய வடிவில்தான் இருக்க முடியும் என்று ஆய்லர் என்ற கணித அறிஞர் காட்டினார். அந்த வடிவில் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகின்றன. ஐந்தாவதே வகுத்துவிட்டது: 641 × 6700417. விடையை 1732-லேயே அவர் அறிவித்திருந்தார்.

2⁶⁷ − 1-க்கும் இப்படி ஒரு சலுகை உண்டு. அதன் காரணிகள் 134-இன் மடங்கோடு 1 கூட்டியவை. கோல் கண்ட சிறிய காரணி 134 × 14,45,580 + 1. கையால் எட்ட முடியாத தூரம்தான். இன்று சாதாரண மடிக்கணினியில் 135, 269, 403 என்று 134 கூட்டிக் கூட்டி வகுத்துப் போகும் நாலு வரி நிரலை ஓடவிட்டால், தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் 193707721 திரையில் வந்து நிற்கும்.